சுவருக்குள் பெய்த மழை

எந்த வீட்டுக்குள் கால் வைத்தாலும் நான் முதலில் பார்ப்பது சீலிங்கின் மூலைகளைத்தான். மனிதர்களைப் பார்ப்பது அதற்குப் பிறகு. கலியாண வீடோ செத்த வீடோ, கண் தானாக மேலே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் கீழே இறங்கும். என் கணவர் வாசலில் நின்று, "என்ன, இன்ஸ்பெக்சன் முடிஞ்சுதோ? உள்ளுக்குப் போவமோ?" என்பார். சொல்லட்டும். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் ஒன்றை எழுத உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்பதே பெரிய கவலை. எனக்கு எல்லாமே கவலை என்றபடியால் அதிலிருந்தே தொடங்கிவிட்டேன்.

மன்னாரிலிருந்து சிட்னிக்கு வந்தபோது நான் சின்னப் பிள்ளை. தம்பி கைக்குழந்தையிலிருந்து கொஞ்சம் வளர்ந்திருந்தான். அவனுக்கு நெஞ்சு சரியில்லை. குளிர் தொடங்கினால் மூச்சு விசிலடிக்கத் தொடங்கும். அந்த விசிலைக் கேட்ட ஒரு டொக்டர்தான், இந்தப் பிள்ளை இருக்கத் தகுந்த ஒரு வீடு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அதைக் கொண்டு காத்திருந்து, கடைசியில் எங்களுக்கு அரசாங்க வீடு கிடைத்தது. பென்டில் ஹில் கடைத்தெருவிலிருந்து நடந்து போகிற தூரத்தில், சிவப்புச் செங்கல் மாடிக் கட்டடம் ஒன்றின் கீழ் வீடு. அப்பா அதைத் தம்பியின் வீடு என்றுதான் சொல்லுவார். வீட்டுக்கு யார் வந்தாலும், "இது எங்கட மோன்ர வீடு, நாங்கள் அவனோட ஒட்டிக்கொண்டு இருக்கிறம்" என்பார். தம்பியும் அதை நம்பி, என்னோடு சண்டை வந்தால் வெளியே போகச் சொல்லுவான்.

தம்பியின் நெஞ்சுக்காகத் தந்த அந்த வீட்டில், தம்பியும் நானும் படுக்கிற அறையின் சுவரில், இரண்டாவது குளிர்காலம் பூஞ்சணம் பிடித்தது.

முதலில் கட்டிலுக்குப் பின்னால், சாம்பலை ஊதிவிட்டது போல ஒரு சின்ன மங்கல். அம்மா துடைத்தார். போனது. பிறகு அதே இடத்தில் கொஞ்சம் பெரிதாக வந்தது. அம்மா துடைக்கத் துடைக்க அது ஏதோ தண்ணீர் ஊற்றி வளர்க்கிற செடி மாதிரிச் செழித்தது. சாம்பல் நிறம் பச்சையாகி, பச்சை கறுப்பாகி, ஓரங்களில் மயிர் போல மென்மையாகி, ஒரு காலையில் பார்த்தால் என் தோள் உயரத்துக்கு ஏறியிருந்தது. எனக்கு அதில் பயம் இருந்தது என்று சொன்னால்தான் பொருத்தமாக இருக்கும். பயம் இருந்ததுதான். ஆனால் அதைவிட வியப்பு அதிகம். யாரும் விதைக்காத ஒன்று, வெளிச்சமில்லாத இடத்தில், எங்கள் எல்லோருடைய விருப்பத்துக்கும் எதிராக, இவ்வளவு அழகான வட்டங்களாக எப்படி வளர்கிறது? நான் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். மறு கட்டிலில் தம்பியின் விசில் கேட்கும். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பது சின்ன வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. பூஞ்சணம் ஏற ஏற அவனுடைய விசிலும் ஏறிக்கொண்டு போனது.

அரசாங்க வீடுகளைப் பார்க்கிற ஹவுசிங் கந்தோருக்கு ரெலிபோன் எடுப்பது என் வேலை. வீட்டில் இங்கிலிஷ் ஓடுகிற வாய் என்னுடையது ஒன்றுதான். அப்பாவுக்குக் கோழி ஃபக்டரியில் பேசுகிற அளவு தெரியும். ஆனால் ரெலிபோனைக் கண்டால் அவருக்கு நாக்குப் புரளாது. அதோடு அவருக்கு இந்த முறைப்பாடே பிடிக்கவில்லை.

"அரசாங்கம் தந்த வீட்டுக்கு அரசாங்கத்திட்டையே குறை சொல்லுறதோ? வாடகையைக் கூட்டிப் போடுவாங்கள். இல்லாட்டி வீட்டை விட்டு எழுப்பிப் போடுவாங்கள்."

"பிள்ளை மூச்சு விடேலாமக் கிடக்கிறான், நீங்கள் வாடகையைப் பற்றிக் கதையுங்கோ" என்பார் அம்மா, குரலை உயர்த்தாமல். அம்மா எதற்கும் குரலை உயர்த்தியதில்லை. எங்கள் வீட்டில் கதவுகூட அம்மா சாத்தினால் சத்தம் வராது.

நான் ரெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு, காத்திருக்கச் சொல்லி அவர்கள் போடுகிற பாட்டைக் கேட்டபடி குசினிக் கதிரையில் இருப்பேன். பாட்டு முடிந்து யாராவது லைனில் வந்தால் உடனே கதிரையை விட்டு எழும்பி நிற்பேன். பிழையாக ஏதும் சொல்லிவிட்டால் அப்பா சொன்னது போல எழுப்பிவிடுவார்களோ, தெருவில் எங்கே கட்டிலைப் போடுவது, தம்பி மூச்சுக்கு அடிக்கிற பஃபரை எங்கே வைப்பது என்று யோசனை ஓடும். ஒரு தரம் லைனில் வந்த மனிதர் நல்லவர். ஆறுதலாகக் கேட்டார். யன்னல் திறப்பீர்களா? உடுப்பை வீட்டுக்குள் காய விடுவீர்களா? சமைக்கும்போது ஆவி வருகிற மாதிரி ஏதும் அவிப்பீர்களா?

நான் திரும்பி அம்மாவிடம், "நாங்கள் அவிக்கிறதோ எண்டு கேக்கிறார்" என்றேன்.

அம்மா அப்படியே நின்றுவிட்டார். எங்கேயோ ஒரு கந்தோரில் இருக்கிற வெள்ளைக்காரருக்கு எங்கள் வீட்டில் புட்டு அவிப்பது எப்படித் தெரிந்தது? அந்த மனிதரின் அறிவை நினைத்து நான் நாட்கணக்கில் வியந்தேன்.

அன்றோடு எங்கள் வீட்டில் புட்டு நின்றது. இடியப்பம் நின்றது. சோற்றைக்கூட அம்மா மூடியைத் திறக்காமல் இறக்கினார். அப்பா வேலையால் வந்து, புட்டுக்குப் பதிலாக வைத்த கடைப் பாணைக் கையில் எடுத்து, மருந்து குடிக்கப் போகிறவர் போல ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் கடிப்பார். யன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. சிட்னியின் ஜூலைக் குளிரில் நாங்கள் ஜக்கெற்றோடு படுத்தோம். பூஞ்சணம் பாணிலும் நன்றாகவே வளர்ந்தது.

மறுபடி ரெலிபோன், மறுபடி பாட்டு. திருத்த வேலைக்கு ஓடர் போட்டிருக்கிறது என்பார்கள். பிறகு எடுத்துக் கேட்டால், யாரும் வராமலே அந்த ஓடர் குளோஸ் ஆகிவிட்டது என்பார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பூட்டுப் போடுகிற சத்தம் கேட்கும். குளிர்காலம் முடிவதற்குள் தம்பியை ஒரு தரம் ஆஸ்பத்திரியில் மறித்து வைக்க வேண்டி வந்தது. அதற்குப் பிறகுதான், ஒருவர் நேரில் வந்து பார்ப்பார், அவர் பார்த்துவிட்டு எழுதுவதுதான் முடிவு என்றார்கள். சுவரைத் திறக்க வேண்டும் என்று எழுதினால் திறப்பார்கள். ஒன்றுமில்லை என்று எழுதினால் குளோஸ். தம்பியின் மூச்சு இனி அந்த ஒருவரின் கையில். நான் இதைத் தமிழில் சொன்னதும் அம்மா சிலுவை போட்டுக்கொண்டார்.

ஒருவர் வரப்போகிறார் என்ற செய்தி பக்கத்து ஊரான கிரவீனுக்குப் போனது. மறுநாள் காலை பெரியம்மா வந்து இறங்கினார்.

பெரியம்மா அம்மாவின் அக்கா. எங்களுக்கு முன்னமே இந்த நாட்டுக்கு வந்தவர். கிரவீனில் சொந்த வீடு. நாங்கள் வந்து இறங்கியபோது தன் வீட்டுக் கராஜில் கட்டில் போட்டுத் தந்து, குளிர் உடுப்பு வாங்கித் தந்து, பஸ்ஸில் எப்படி ஏறுவது என்று காட்டித் தந்தவர். உயரமும் அகலமும் குரலும் எல்லாமே அவருக்குப் பெரிது. அவருடைய காரில் அன்று மேலே ஏணி கட்டியிருந்தது. பின் சீற்றில் வாளிகள், துடைப்பங்கள், வெள்ளைப் பெயின்ற், பிளீச் போத்தல்கள். ஒரு படையே வந்து இறங்கியது போலிருந்தது, அவர் தனியாகத்தான் வந்திருந்தார் என்றாலும்.

எங்கள் அறைச் சுவரைப் பார்த்ததும் மூக்கைப் பொத்தினார்.

"எடியே, நாளைக்கு வெள்ளைக்காரர் வீடு பாக்க வரப்போகினம். இதையோ காட்டப் போறாய்?"

"இதைப் பாக்கத்தானே அக்கா வருகினம்" என்றார் அம்மா.

"வந்து பாத்திட்டு என்ன சொல்லுவினம்? ஊத்தைச் சனம், வீட்டைத் துடைக்கத் தெரியேல்லை எண்டு சொல்லுவினம். முதலே ரெலிபோனில கேட்டவைதானே, யன்னல் திறக்கிறியளோ, துடைக்கிறியளோ எண்டு? இப்பிடி வைச்சிருக்கிறவளுக்கு ஏன் வீடு குடுத்தது எண்டு நினைப்பினம். துப்புரவா வைச்சிருந்தாத்தான் பாவம், நல்ல சனம், செய்து குடுப்பம் எண்டு மனம் வரும்."

அம்மா வாளியை எடுத்துத் தண்ணீர் பிடிக்கப் போனார். அக்காவுக்கு எதிர்ப் பேச்சுப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. எனக்கோ பெரியம்மா சொன்னது அப்பழுக்கில்லாத ஞாயமாகப் பட்டது. சேர்ச்சிலிருந்து சுவாமி வீடு மந்திரிக்க வருகிறார் என்றால் நாங்கள் என்ன செய்வோம்? கூட்டி, கழுவி, மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து, பலகாரம் வைப்போம். வருகிறவர் பெரியவராக இருக்க இருக்க வீடு வெள்ளையாக இருக்க வேண்டும். ஒரு சுவரையே திறக்கச் சொல்லும் அதிகாரம் உள்ளவர் சுவாமியை விடப் பெரியவர் அல்லவா?

அந்த ஒரு பகலில் நான் கண்டதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. பெரியம்மா சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூக்கில் துவாயைக் கட்டி, ஏணியில் ஏறினார். ஏணி முனகியது. பிளீச்சை அள்ளி அடித்துத் தேய்த்தார். கறுப்புத் தண்ணீர் சுவரில் வழிந்தது. அம்மா கீழே இருந்து துணி பிழிந்தார், நான் வாளி தூக்கினேன், தம்பியை அப்பாவின் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தியிருந்தோம். பின்னேரம் பெயின்ற். பெரியம்மாவின் கை மேலும் கீழும் போய் வர, மாதக்கணக்கில் நான் பார்த்துக்கொண்டு படுத்திருந்த வட்டங்களும் மேகங்களும் தீவுகளும் ஒவ்வொன்றாக வெள்ளைக்குள் அமிழ்ந்து போயின. அடியில் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்த இடத்துக்கு முன்னால், எங்களையும் சேர்த்துக்கொண்டு உடுப்பு அலுமாரியை நகர்த்தினார். அதற்கு மேலே திரு இருதய ஆண்டவர் படத்தைக் கொழுவினார். சுவர், சேர்ச்சில் முதல் நன்மை வாங்கப் போகிற பெண்பிள்ளையின் வெள்ளைச் சட்டை மாதிரி நின்றது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ரெலிபோனில் மாதக்கணக்காக நான் கெஞ்சியும் நடக்காத ஒன்றை, பெரியம்மா ஒரு பகலில் நடத்திவிட்டார். உலகத்தில் பெரியம்மாவுக்கு முடியாதது இல்லை என்று நினைத்தேன்.

காலையில் பெயின்ற் மணத்துக்கு மேலே சாம்பிராணி போட்டார்கள். பற்றிஸும் கட்லற்றும் பொரித்து முடிந்திருந்தது. அப்பா வேலைக்குப் போகும்போது வாசலில் நின்று, "வாறவையோட கனக்கக் கதைக்காதேங்கோ. எல்லாத்துக்கும் ஓம் எண்டு சொல்லி, தேத்தண்ணி குடுத்து அனுப்புங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தம்பிக்குத்தான் நிலைமை மோசம். பிளீச்சும் பெயின்றும் சாம்பிராணியும் சேர்ந்து அவனுடைய நெஞ்சை இறுக்கிவிட்டன. அம்மா பஃபரை அடித்துவிட்டுக் கொண்டே இருந்தார். பெரியம்மா அவனை அப்பாவின் அறைப் பெரிய கட்டிலில் இருத்தி, கையில் ஒரு இனிப்பைக் கொடுத்து, கன்னத்தைத் தடவினார்.

"என்ர ராசா எல்லே. வாறவை போகுமட்டும் இருமாமல் இருக்கோணும், என்ன? வந்த ஆக்களுக்கு முன்னால லொக்கு லொக்கெண்டு இருமினால் நல்லாயிருக்காது."

தம்பி தலையாட்டினான். அவன் எதையும் கேட்கிற பிள்ளை.

வந்தவர் ஒரு பெண். உயரம், கட்டையாக வெட்டிய நரைமயிர், நீலச் சட்டை, கனத்த சப்பாத்து, இடுப்பில் ஒரு ரோர்ச். எங்கள் வாசலில் செருப்புகள் வரிசையாக இருப்பதைப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலே குந்தி இருந்து தன்னுடைய சப்பாத்தைக் கழற்றினார். ஒரு காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. அதை அவரும் பார்த்தார், பெரியம்மாவும் பார்த்தார். பெரியம்மா சட்டென்று மேலே பார்த்துச் சிரித்து, "கம், கம்" என்றார். அரசாங்கத்துக்கும் காலுறை கிழியும் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

அவர் எங்கள் அறைக்குள் போனார். ரோர்ச்சை அடித்துச் சுவரைப் பார்த்தார், மூலைகளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். ஹோலுக்கு வந்ததும் பெரியம்மா அவரைப் பிடித்துக் கதிரையில் இருத்தினார். தட்டு வந்தது. வேண்டாம் என்று சொல்லப் பார்த்தார். பெரியம்மாவிடம் அது நடக்காது. ஒரு பற்றிஸைக் கடித்தார். கண்கள் விரிந்தன. இன்னொன்றை எடுத்தார். சுற்றிவரப் பார்த்து, தான் இந்தக் கிழமை பார்த்ததிலேயே இதுதான் துப்புரவான வீடு, பியூட்டிஃபுல் ஹோம் என்றார்.

அதை நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. பெரியம்மாவின் முகம் பெருநாள் சேர்ச் மாதிரி ஒளிர்ந்தது. "பாத்தியோ?" என்று அம்மாவை இடித்தார். அம்மா தேத்தண்ணிப் போச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

வந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பூஞ்சணம் எங்கே என்று கேட்டார்.

நான் அம்மாவிடம் கேட்டேன். அம்மா பெரியம்மாவைப் பார்த்தார்.

"முந்தி இருந்தது, இப்ப நாங்கள் துப்புரவாக்கிப் போட்டம் எண்டு சொல்லு" என்றார் பெரியம்மா. பெருமையோடுதான் சொன்னார்.

நான் சொன்னேன். அவர் என்னையும் பெரியவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ கேட்க நினைத்து, கேட்காமல் விட்டுவிட்டது போலிருந்தது. பிறகு கையிலிருந்த கருவியின் திரையில் விரலால் தட்டினார். கண்ணுக்குப் பூஞ்சணம் ஒன்றும் தெரியவில்லை, ஆகவே இதை இன்றைக்குக் குளோஸ் பண்ணிவிடுகிறேன், மறுபடி வந்தால் எடுத்துச் சொல்லுங்கள் என்றார்.

எனக்குத் தலைக்குள் பூட்டு விழுந்தது. மறுபடி எடுத்துச் சொல்லுவதா? மறுபடி அந்தப் பாட்டா? நான் தமிழில் சொல்லத் தொடங்கினேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. பெரியம்மாவின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது, எடுக்க மறந்தது போல. நல்ல சனம் என்று தெரிந்த பிறகும் ஏன் செய்து தரமாட்டார்கள் என்பது அவருக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை.

வந்தவர் வாசலில் குந்தியிருந்து ஒரு சப்பாத்தைப் போட்டுவிட்டார். மற்றதைக் கையில் எடுத்தபோதுதான் அது கேட்டது. அப்பாவின் அறைக்குள்ளிருந்து, கதவுக்குப் பின்னால், ஏதோ துணிக்குள் அமுக்கின மாதிரி ஒரு சத்தம். தம்பி முகத்தைத் தலையணைக்குள் புதைத்துக்கொண்டு இருமினான்.

அம்மா போச்சியை மேசையில் வைத்தார். வைத்த சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் அம்மா வைத்து ஒரு பொருள் சத்தம் போட்டதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

நேராக எங்கள் அறைக்குள் போனார். ஆண்டவர் படத்தைக் கழற்றிக் கட்டிலில் வைத்தார். பெரியம்மாவும் அம்மாவும் நானும் சேர்ந்து நகர்த்திய அந்த அலுமாரியை, தனியாக, தோளைக் கொடுத்துத் தள்ளினார். அது நிலத்தைக் கீறிக்கொண்டு போனது.

"எடியே, என்ன செய்யிறாய்?" என்றார் பெரியம்மா.

அம்மா திரும்பி வாசலைப் பார்த்து, முழுக் குரலில், தமிழில், "இஞ்ச வாங்கோ! வந்து பாருங்கோ!" என்றார்.

நான் மொழிபெயர்க்க வாயெடுக்கும் முன்னமே அந்தப் பெண் எழுந்து வந்துவிட்டார். ஒரு காலில் சப்பாத்து, மற்றதில் பெருவிரல். அம்மா சுவரில் கையை வைத்தார். அந்தச் சுவர் செங்கல் இல்லை. இங்கே வீட்டுக்குள் போடுகிற சுண்ணாம்புப் பலகை. அம்மா பெருவிரலால் அமுக்கினார். வெள்ளைப் பெயின்ற் பாலாடை போலச் சுருங்கியது. இன்னும் அமுக்கினார். பெருவிரல் உள்ளே போனது. பிறகு கை போனது. மணிக்கட்டு வரைக்கும், கேக்குக்குள் போவது போல, சத்தமில்லாமல் போனது. அம்மா உள்ளே விரல்களை மடக்கிப் பிடித்து இழுத்தார். ஒரு பெரிய துண்டு ஈரமாகப் பிய்ந்து நிலத்தில் விழுந்தது. அதன் பின்பக்கம் முழுக்கக் கறுப்பு. தேங்கின குளத்தின் மணம் அறை முழுக்கப் பரவியது. சாம்பிராணி எங்கே போனதென்று தெரியவில்லை.

அம்மா சுவரை உடைத்துவிட்டார். அரசாங்கத்தின் சுவரை, அரசாங்கத்தின் கண்ணுக்கு முன்னாலேயே. பொலிஸ் வரும், அப்பா வந்து என்ன சொல்லுவார், கட்டில்களை எங்கே போடுவோம் என்று என் மனம் வழக்கமான பாதையில் ஓடத் தொடங்கியது. ஆனால் கால் ஓடவில்லை. ஏனென்றால் அந்தப் பெண் நிலத்தில் முழங்காலில் நின்று ரோர்ச்சை அந்த ஓட்டைக்குள் அடித்தார், நான் அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன்.

உள்ளே மழை பெய்துகொண்டிருந்தது.

மேல் வீட்டில் யாரோ குளிக்கத் தொடங்கியிருக்க வேண்டும். இருட்டுக்குள் ஒரு பழைய பைப் தெரிந்தது. அதிலிருந்து துளிகள் ரோர்ச் வெளிச்சத்தில் மினுங்கிக்கொண்டு, ஒன்றன் பின் ஒன்றாக, பிறகு நூல் நூலாக இறங்கின. மரத்தூணில் சின்னச் சின்னக் காளான்கள் குடை பிடித்துக்கொண்டு நின்றன. இவ்வளவு காலமும் என் தலைமாட்டில், என் காதுக்குப் பக்கத்தில், வேறு ஒரு காலநிலை நடந்துகொண்டிருந்திருக்கிறது. நாங்கள் புட்டை நிறுத்தியது, யன்னல் திறந்தது, குளிரில் நடுங்கியது எதுவும் அந்த மழைக்குத் தெரியாது. இதைவிடப் பெரிய அதிசயத்தை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

அந்தப் பெண் மெல்ல ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். உடனே என்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். அம்மா, "என்னவாம்?" என்றார். "அவவுக்கும் பிடிக்கேல்லையாம்" என்றேன்.

பிறகு அவர் படம் எடுத்தார். ஓட்டையை, துண்டை, காளானை, அம்மாவின் கறுப்பான கையை. திரையில் தட்டினதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். எழுந்து நின்று, நான் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்ல விட்டு, ஆறுதலாகச் சொன்னார். இது உங்கள் சமையலால் வந்ததில்லை. பைப் உடைந்திருக்கிறது. அவசரமாகச் செய்யச் சொல்லி எழுதுகிறேன். சுவரை உடைத்ததற்கு யாரும் உங்களிடம் ஒன்றும் கேட்கமாட்டார்கள், அது என் பொறுப்பு. அதோடு தயவுசெய்து, இனிமேல் எங்களுக்காக வீட்டைத் துடைக்காதீர்கள்.

கடைசி வசனத்தை நான் பெரியம்மாவைப் பார்க்காமல் சொன்னேன்.

அவர் சொன்னபடியே ஆட்கள் வந்தார்கள். பைப்பை மாற்றி, சுவரை வெட்டி, புதுப் பலகை அடித்தார்கள். அப்பா நெடுநாளைக்கு, யாராவது கதவைத் தட்டினால் எழுப்பத்தான் வந்துவிட்டார்கள் என்று பார்ப்பார். ஒருவரும் வரவில்லை. அதெல்லாம் பிறகு நடந்தது.

அன்றைக்கு நடந்ததில் மிச்சம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அந்தப் பெண் போகும்போது பெரியம்மா மிஞ்சின பற்றிஸை ஃபொயிலில் சுற்றி அவருடைய கையில் வைத்தார். அவ்வளவு பெரிய குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. கதவு மூடியதும், துடைப்பத்தை எடுத்துச் சுவர்த் துண்டுகளைக் கூட்டி அள்ளினார். அம்மா குசினிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்து கையைக் கழுவத் தொடங்கினார். கழுவிக்கொண்டே இருந்தார். நான் வாசலில் நின்று பார்த்தேன். சுவருக்குள் போய் வந்த கை. அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

பெரியம்மா வந்து, அம்மாவின் கையைத் தன் கைக்குள் எடுத்து, சவர்க்காரம் போட்டு, சாப்பிட்டு முடித்த குழந்தைக்குக் கழுவுவது போல விரல் விரலாகத் தேய்த்தார். இரண்டு பேரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வெக்கமாக் கிடக்குதக்கா" என்றார் அம்மா.

"விடு" என்றார் பெரியம்மா. "விடு. நான்தான்…" அதற்கு மேலே அவருக்கு வரவில்லை. இரண்டு பேருடைய தோள்களும் குலுங்கின.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெட்கமா? யாருக்கு? ஒரு சுவரைக் கையால் உடைத்து, உள்ளேயிருந்த மழையை அரசாங்கத்துக்கே காட்டிக் கொடுத்த ஆளுக்கா? நான் அம்மாவாக இருந்திருந்தால் பென்டில் ஹில் கடைத்தெரு முழுக்க அந்தக் கையைத் தூக்கிக்கொண்டு நடந்திருப்பேன். பெரியவர்களுக்குச் சில நேரம் சந்தோசப்படத் தெரியாது என்று முடிவு செய்தேன். இப்படியான நேரத்தில் யாராவது ஒருவர் சரியாகச் சந்தோசப்பட வேண்டும் என்று அப்பாவின் அறைக்கு ஓடினேன்.

தம்பி கட்டிலில் அதே இடத்தில் இருந்தான். தலையணை மடியில். கண்ணெல்லாம் தண்ணீர், முகம் சிவந்து, உதடு இறுக்கி மூடியிருந்தது. மனிசி போனதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

"அவ போட்டா. இனி நீ இருமலாம்" என்றேன்.

நம்பாமல் பார்த்தான். "சத்தமாவோ?"

"எவ்வளவு சத்தமா வேணுமெண்டாலும். அம்மா சுவரையே உடைச்சுப் போட்டா."

அவன் தலையணையைத் தூக்கி எறிந்துவிட்டு, கட்டிலில் ஏறி நின்று, வாயை முழுக்கத் திறந்து இருமினான். வீடே அதிர்ந்தது. இருமலுக்கும் இருமலுக்கும் நடுவில் சிரித்தான். நானும் அவனோடு சேர்ந்து பொய்யாக இருமினேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

குசினியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவர்களும் சிரிப்பார்கள் என்று நான் காதைக் கொடுத்துக்கொண்டு காத்திருந்தேன்.